ஏழாம் வார்டின் இரங்கல் தீர்மானம்

கால்டர்,
ஞாயிறு, 23 நவம்பர் 1997

அன்பு மருமகள் டெல்ஃபீனுக்கு,

ஏழாம் வார்டின் முடிசூடா மன்னரும், பதினான்காம் எண் பேருந்தை முப்பது வருடம் ஒரு கோழியின் மீதுகூட ஏற்றாமல் ஓட்டி ஓய்வுபெற்ற மகா மாலுமியும், உன் தாயாருடன் பிறந்த ஒரே ஆண் அதிசயமுமான லூசியஸ் மாமா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நலம் என்று எழுதுவது என் பேனாவின் பழக்கம். அதை அப்படியே நம்பிவிடாதே.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் அதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள். பெட்டிக்குள் போட்டதும் வாசலில் கிடந்த பனி தெருக்கோடி வரை உருகிவிட்டது. சியாட்டிலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் ஆறாத சூடு! மொத்தம் நான்கே வாக்கியம். அவனை மறுபடியும் ஜெயிக்க வைத்துவிட்டீர்கள். அம்மாவின் நெஞ்சில் இருக்கும் தூசியின் மேல் ஏறி நின்று ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று? இனி அந்த வார்டில் கால் வைக்க மாட்டேன்.

முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். நாலாவதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். மூன்றாவதுதான் வலித்தது, கண்ணு. பணக்காரக் குன்றின் மேல் குடியிருந்துகொண்டு நம் ஊர்ப் பத்திரிகையில் எழுதுகிறாரே ஒரு வெள்ளைக்கார மனிதர், தேர்தலுக்குத் தேர்தல் நம் கறுப்பர் வார்டைப் பார்த்து அவர் கேட்கும் கேள்வி அது. அவருடைய பத்தி வந்தால் அதில் வறுத்த மீனைப் பொட்டலம் கட்டிவிடுவேன். நீயே கேட்டால் அதை எதில் கட்டி எங்கே வைப்பது?

முதலில் ஊர்ச் செய்தி. குளிர் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. நேற்று நான் விட்ட தும்மல் காற்றிலேயே உறைந்து பக்கத்து வீட்டு நாயின் தலையில் விழுந்தது. உன் பழைய பள்ளிக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். முடிதிருத்தும் பர்னெல்லுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. கத்தரிக்கோல் பிடித்தவன் தலையே இப்படி ஆனால் நமக்கு என்ன நம்பிக்கை என்று கேட்டேன். ஒரு மாதம் எனக்கு முடி வெட்ட மறுத்துவிட்டான்.

அந்தக் கடையில்தான் தேர்தல் நடந்தது. சர்ச் அடித்தளத்தில் நடந்தது சீட்டுப் போடும் வேலை மட்டும். உன் கேள்வியை நான் அங்கேயே கேட்டேன், நீ கேட்பதற்கு முன்பே. கவுன்சிலர் ஆம்ப்ரோஸ் டாலிவர் லஞ்சம் வாங்கியது உண்மைதானே என்றேன். இடிப்பு கான்ட்ராக்டர் ஹாக்ஸ்ட்ரமிடம் ஒரு படகை வாங்கிக்கொண்டு, ஊரில் இடித்த வீடுகளின் குப்பையெல்லாம் உன் அம்மா ஏர்லீன் வீட்டுக்குப் பக்கத்து மனையில் கொட்டக் கண்ணை மூடிக்கொண்டது உண்மைதானே என்றேன். படகு! குளியல் தொட்டியில் இறங்கவே இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடுகிற மனிதனுக்குப் படகு!

பர்னெல் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்துவிட்டுச் சொன்னான்: “யாருடா இல்லேன்னது? திருடன்தான். எங்க மாமியாரும் மூணு வருஷமா இருமிட்டுத்தான் இருக்கா. ஆனா கொடுத்தவன் எங்கடா? அபராதம் கட்டிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் மருமகன் பேர்ல அதே கான்ட்ராக்ட் எடுத்துக் கோல்ஃப் ஆடிட்டிருக்கான். வாங்கினவன் மட்டும் களி தின்னான். விலங்கு மாட்டி மொதப் பக்கத்துல போட்டானுங்களே, ஹாக்ஸ்ட்ரம் மூஞ்சிய எந்தப் பக்கத்துல போட்டானுங்க? டயர் விளம்பரத்துக்குக் கீழ பேரு மட்டும் வந்துச்சு, நாலு வரி. கொடுத்த கை வெள்ளை, அதுக்கு மாட்ட விலங்கு இல்ல. இப்ப அவனுங்க வந்து எனக்கு நியாயம் சொல்றானுங்க.”

“அதுக்காக மறுபடியும் அவனையேவா?” என்றேன்.

“இன்னிக்கு ஆம்ப்ரோஸத் தூக்குவானுங்க, நாளைக்கு நம்ம வார்டோட நாற்காலியவே தூக்கிடுவானுங்க. அசையாத, காது போயிடும்.”

காது முக்கியம் என்பதால் வாதத்தில் அவனை வெல்ல விட்டேன். ஆனால் டெல்ஃபீன், அவன் சொன்னதில் எனக்குப் பதில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. அவன் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. ஊறுகாய் ஜாடிகளில் அந்தத் தூசியை அள்ளி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டி, மத்திய அரசு விசாரணைக்காரர்களுக்கு அனுப்பியது ஒரு வெள்ளைக்காரன் இல்லை. இந்தத் தெருவில் பிறந்த பெண். அதற்குக் கிடைத்த பரிசையும் நான் பார்த்தேன். தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிறு நீ சர்ச்சில் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து, ஒரு முனையில் நீயும் உன் அம்மாவும், மறுமுனையில் என் பெருத்த உடம்பும் மட்டும் மிச்சம். நானும் எழுந்திருந்தால் பெஞ்சே கவிழ்ந்திருக்கும். அதன் பிறகு நீ ஊரில் இருந்த நாட்களை எண்ண ஒரு கை போதும்.

அதனால் உன் கோபத்துக்கு உரிமை இல்லை என்று சொல்லும் தைரியம் இந்த மன்னருக்குக் கிடையாது.

இனி ஒரு ராஜ ரகசியம். இதைப் படித்ததும் காகிதத்தை விழுங்கிவிடு. நான் டாலிவருக்கு ஓட்டுப் போடவில்லை. வெண்டெல் ப்ரைஸுக்குப் போட்டேன். டாலிவர் ஜெயிலுக்குப் போனதும் மேயர் நியமித்த வக்கீல். நம் நிறம்தான், ஆனால் குன்றின் மேல் வளர்ந்தவர். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை! கனவில் தின்ற ஆப்பிளுக்கும் காலையில் கடைக்காரரிடம் காசு கொடுத்துவிட்டு வருவார். உன் அம்மா வீட்டுப் பக்கத்து மலையை அகற்றியது அவர்தான். இமயமலை பார்த்துக் கூச்சப்படும் அந்தக் குவியலை ஒரு கோடைக்குள் அள்ளி, மண் போட்டு, புல் விதைத்தார். அவ்வளவு செய்தவர் தோற்றார். தோற்றதும் ஒரு தப்பினால். அந்தத் தப்பை அவர் மட்டும்தான் செய்ய முடியும்.

இரங்கல் தீர்மானத்தை நிறுத்திவிட்டார்.

துக்க வீட்டுக்கு நகர்மன்றம் முத்திரை போட்டுத் தரும் அந்தத் தீர்மானம் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய உன் அப்பாவின் தீர்மானம் இன்னும் டிவிக்கு மேலே தொங்குகிறது. ஒன்பது வயதில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தங்க முத்திரையை விரலால் தடவியபடி என் பேருந்தில்தான் நீ வீடு திரும்பினாய். இரும்பு வார்க்கும் ஆலையில் உன் அப்பாவை ஐம்பது வயதிலும் “டேய் பையா” என்றுதான் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் நம் ஆட்களின் மரணம் வந்தால் பெயருக்கு முன்னால் மரியாதை இருக்காது. உன் அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஆம்ப்ரோஸ் டாலிவர்தான் முதன்முதலாக, “மிஸ்டர் ஹோசியா பெட்டிவே இந்த நகரத்தின் இரும்பைத் தம் கைகளால் வார்த்தவர் என்பதாலும்” என்று படித்தான். நகரமே தீர்மானம் போட்டு, ஆமாம், இப்படி ஒரு மனிதர் இங்கே வாழ்ந்தார் என்று ஒப்புக்கொண்டது. உன் அம்மா அன்று அழுதது பிரிவுக்காக மட்டும் இல்லை.

ப்ரைஸ் கணக்குப் பார்த்தார். சட்டமும் கண்ணாடியும் முத்திரையும் வீண் செலவு, அந்தக் காசில் தெருவிளக்குப் போடலாம், துக்க வீட்டுக்குத் தபாலில் ஓர் அட்டை அனுப்பினால் போதும் என்றார். விளக்கும் எரிந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்த ஏப்ரலில் சர்ச் பாடகர் குழுவில் பாடும் ஐடெல்லா செத்துப்போனாள். போதகர் பழக்கதோஷத்தில், “இப்போது நகர்மன்றத்தின் சார்பில்...” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஐடெல்லாவின் மகன் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மௌனத்தை நான் கேட்டதில்லை. அதற்குள் மூன்று பேருக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து டாலிவர் எழுந்தான். ஜெயிலிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பதவி இல்லை, முத்திரை இல்லை, கையில் காகிதம்கூட இல்லை. உடம்பு இளைத்துக் கோட்டுக்குள் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே, “ஐடெல்லா அக்கா முப்பத்தோரு வருஷம் இந்தச் சர்ச்சில் முதல் வரிசையில் பாடினார் என்பதாலும், அந்தப் பனிப்புயலில் எட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டார் என்பதாலும்” என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு “என்பதாலும்” வரும்போதும் சபை “ஆமாம்” என்றது.

தேர்தல் அன்றைக்கே முடிந்துவிட்டது, கண்ணு. நவம்பரில் நடந்தது வெறும் சம்பிரதாயம்.

அடுப்பில் சோள ரொட்டி கருகுகிறது. இதோ வருகிறேன்.

திங்கள் காலை

ரொட்டி போயிற்று. அதை வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போடலாம்.

நேற்று நான் பேனாவை வைத்தது ரொட்டிக்காக மட்டும் இல்லை. அடுத்து எழுத வேண்டியதை எழுதப் பயமாக இருந்தது. இதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா டாலிவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள்.

காகிதத்தைக் கிழிக்காதே. முழுவதும் படி.

தேர்தல் அன்று காலையில், “லூசியஸ், அந்த நீலத் தொப்பிய எடு” என்றாள். ஈஸ்டருக்கு மட்டும் வெளியே வரும் அந்தத் தொப்பி, ஒரு சிறிய கப்பல் அளவுக்கு. “இந்தக் குளிர்ல எங்க போற?” என்றேன். “ஓட்டுப் போட. நீ கூட்டிட்டுப் போகலேன்னா நடந்து போவேன்” என்றாள். கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போகவே நடுவில் உட்கார்ந்து எழுகிறவள். ஒரு கையில் அவளையும் மறு கையில் ஆக்சிஜன் சிலிண்டரையும் பிடித்துக்கொண்டு, சர்ச் அடித்தளப் படிகளில் நான் இறங்கிய காட்சியை ஓவியமாக வரைந்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் அனைவரும் விலகி வழிவிட்டார்கள். அன்று உன் பெஞ்சிலிருந்து நகர்ந்தவர்களும் இருந்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் காரில் கேட்டேன். நான் எவ்வளவு கத்தினேன் என்று கேட்காதே, கண்ணாடியில் விரிசல் விழுந்தது. “அவனால்தானே உனக்கு இந்தக் குழாய்? உன் பொண்ணு ஊரை விட்டே போனாளே, அவளுக்கு நீ கொடுக்கிற மரியாதை இதுதானா?” என்று கேட்டேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, மூச்சு வரும் வரை காத்திருந்தாள்.

“தீர்ப்பு வந்தப்போ டெல்ஃபீன் எனக்குப் படிச்சுக் காட்டினா. அதுல படகு இருந்துச்சு. படகோட நீளம்கூட இருந்துச்சு. என் நெஞ்சு இருந்துச்சா?”

இல்லை என்றேன்.

“பர்னெல் மாமியார் பேரு? நாங்க அஞ்சாறு வருஷம் எந்தத் தூசிய மூச்சுல இழுத்தோம்ங்கறது? எதுவும் இல்ல. நகரத்தோட பதிவுல நான் எதனால போனேன்னு இருக்கணும், லூசியஸ். முத்திரையோட இருக்கணும். அத ஆம்ப்ரோஸ் வாயால, என் பொட்டி முன்னாடி நின்னு படிக்கணும். அவன் தோத்துட்டா எந்த உரிமையில வந்து நிப்பான்? ப்ரைஸ் நல்ல மனுஷன். அவர் அட்டை அனுப்பிடுவார்.”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்: “ஹோசியாவுக்கு அவன்தான் மிஸ்டர் போட்டான். அதையும் நான் மறக்கல. ரெண்டையும் சேத்துத்தான் வெச்சிருக்கேன். பிரிக்கத் தெரியல.”

அதில் பழிவாங்கல் எவ்வளவு, நன்றி எவ்வளவு என்று எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் வந்து சொல்.

ஜெயித்த மூன்றாம் நாள் டாலிவர் பூங்கொத்தோடு வந்தான். பெரிய சிரிப்பு, கதவு கொள்ளாத சிரிப்பு. “ஏர்லீன் அக்கா, நீங்க சிலிண்டரோட வந்து போட்டீங்களாமே, ஊரே பேசுது” என்றான். உன் அம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். தன் தீர்மானத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளப் போவதாகவும், அதை அவன்தான் படிக்க வேண்டும் என்றும் சொன்னாள். நம் வழக்கப்படி வாசகம் வீட்டார் தருவது, கவுன்சிலர் மாற்றக் கூடாது.

“என்ன எழுதிக் கொடுத்தாலும் படிப்பியா, ஆம்ப்ரோஸ்?”

“கேக்கணுமாக்கா? படிப்பேன்.”

“தூசிய எழுதினாலும்?”

சிரிப்பு கதவு வழியாக வெளியே போய்விட்டது. பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

“எழுதப்போறது டெல்ஃபீன்” என்றாள் உன் அம்மா.

பூங்கொத்தின் காகிதத்தை நீவி நேராக்கினான். பிறகு சொன்னான்: “அவ நல்லா எழுதுவாக்கா. என்னைப் பத்தி எழுதிக் குடுத்ததுல ஒரு எழுத்துகூடப் பிசகல. வரச் சொல்லுங்க.”

படி வரை கூடப் போனேன். அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்: “நெஜமாவே படிப்பியா? இல்ல அந்த வரி வரும்போது இருமல் வந்துடுமா?” அவன் கோபப்படவில்லை. “தெரியல லூசியஸ். நடுவுல குரல் நின்னுட்டா நீ பக்கத்துல வந்து முடிச்சு வெச்சுடு” என்றான். வழுக்கும் படியில் அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். இந்தக் கைதான் அதைச் செய்தது. அதைக் கல்வெட்டில் பொறித்து வை.

அவனை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஊர் மாறிவிட்டது, உன்னை மேளதாளத்தோடு வரவேற்கும் என்றும் சொல்ல மாட்டேன். நான் பெரிதாக்கிச் சொல்பவன், பொய் சொல்பவன் இல்லை. நீ வந்தால் அந்தப் பெஞ்சில் யாராவது உட்காருவார்களா என்று தெரியாது. நான் உட்காருவேன். மறுமுனையில் இல்லை, பக்கத்தில்.

வாசகத்தை நானே எழுதிப் பார்த்தேன். “ஏர்லீன் பெட்டிவே ஒரு கைக்குட்டையால் ஏரியைத் துடைத்து உலர்த்தியவர் என்பதாலும், செத்த மூவர் அவர் போட்ட காபியைக் குடித்து எழுந்து நடந்தார்கள் என்பதாலும், இவ்வளவு அழகான தம்பியைச் சகித்துக்கொண்டார் என்பதாலும்” என்று தொடங்கி இரண்டு பக்கம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாயிற்று. அது நிற்கவே இல்லை, டெல்ஃபீன். சாம்பல் நிறமாகிவிட்டாள். நர்ஸ் வந்து ஆக்சிஜனைக் கூட்டி வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். அன்றிலிருந்து அவளைச் சிரிக்க வைக்கப் பயமாக இருக்கிறது. ஐம்பத்தெட்டு வருடமாக நான் செய்துவந்த ஒரே வேலை அது. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பனி பெய்கிறது, நின்றுவிட்டது, மறுபடி பெய்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி எழுத எனக்குத் தெரியாது. நம் வீட்டில் அது தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஜாடியில் எது இருந்ததோ அதை மட்டும் எழுதி ஒட்டியவள். அவள் நெஞ்சில் இருப்பதையும் நீதான் எழுத வேண்டும். எழுதி அனுப்பினால் போதாது. அவள் காதால் ஒருமுறை கேட்க வேண்டும். டாலிவர் படிக்கும்போது அவளால் கேட்க முடியாது இல்லையா? நீ படித்துக் காட்டு. ஒரு வார்த்தை சரியில்லை என்று அவள் உன்னைத் திட்ட வேண்டும், நீ அதைத் திருத்த வேண்டும்.

கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டால் டாக்டர் இந்த வியாழக்கிழமை நன்றித் திருநாள் வான்கோழி விருந்தைப் பற்றிப் பேசுகிறார். நான் புத்திசாலி இல்லை, ஆனாலும் புரிகிறது. அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். புதன்கிழமை காலையிலிருந்து விமான நிலைய வாசலில் நிற்பேன். எந்த விமானம் என்று சொல்ல வேண்டாம், எல்லாவற்றையும் பார்க்கிறேன். வார்டில் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் செய்திருக்கிறாய், அதை மீற வேண்டாம். கார் கதவிலிருந்து அவள் கட்டில் வரை உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன். என் முதுகு இன்னும் அந்த அளவுக்கு உடையவில்லை.

நீலத் தொப்பியை அதன் பெட்டியில் வைக்க விடமாட்டேன் என்கிறாள். கட்டில் கம்பியில் மாட்டியிருக்கிறாள்.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல காற்று கிடைக்கட்டும், கண்ணு. நீளமான, தடையில்லாத மூச்சு கடைசி வரைக்கும் உனக்கு வாய்க்கட்டும்.

வா.

லூசியஸ் மாமா